தொடர்ச்சி ஏழாம் பக்கம்

"…வுழற நாளும் தெரியாது, வுழற எடமும் தெரியாது. அதும் பேரச் சொல்லி எனக்குக் குறிச்ச நாள மாத்த வந்துட்டீங்க. நல்லா கீது ஞாயம்."

அத்தை இதைச் சொன்னது எங்கள் வீட்டு வாசலில், வெயில் தாழ்ந்த நேரத்தில். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாகறலிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார். விழப்போவதாகச் சொல்லப்பட்டது, அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் சுற்றவிட்டு, பிறகு பிடித்து இறக்க வழி தெரியாமல் விழித்த விண்வெளிக்கூடம், ஸ்கைலாப். அவர்கள் மாற்ற வந்த நாள், அத்தையின் கல்யாண நாள்.

நம் வயதுக்காரர்களுக்கு எழுபத்தொன்பதாம் வருஷத்து அந்த ஆனி மாதம் மறந்திருக்காது. உங்கள் ஊரிலும் ஆளுக்கொரு கதை இருக்கும். இப்போது என் மகன் வாங்கிக் கொடுத்த போனில், கண் விழித்ததிலிருந்து தலைப்புகள் வந்து விழுந்தபடி இருக்கின்றன. உப்பு தின்றால் இது வரும், தின்னாவிட்டால் அது வரும், எங்கோ ஒரு மலை வெடிக்கும், எங்கோ ஒரு கடல் பொங்கும். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் உலகம் அழியும்? நமக்கெல்லாம் ஒரு தடவை அழிவதாகச் சொன்னால், அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பேசினோம்.

எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் அப்போது ஒரே ஒரு பேப்பர்தான் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் சுருட்டி வீசிவிட்டுப் போவார். அதை டீக்கடைக்காரரும் பக்கத்து சலூன்காரரும் பங்கு போட்டு வாங்கினார்கள். பங்கு என்றால் காசில் மட்டும் இல்லை. வெளித்தாள் காலையில் டீக்கடைக்கு, உள்தாள் காலையில் சலூனுக்கு. மத்தியானத்துக்கு மேல் மாற்றிக்கொள்வார்கள். பஞ்சாயத்து ரேடியோ ஊமையாகிப் பல காலம் ஆகியிருந்ததால், உலகம் எங்கள் ஊருக்குள் நுழைய இந்த ஒரு வழிதான்.

டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிக்கிறவர் எங்கள் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு பக்கக் காம்பு ஒடிந்து, அங்கே நூல் கட்டிக் காதில் மாட்டிய மூக்குக் கண்ணாடி. ஒரு கண்ணாடித் தம்ளர் டீ. அதைத் தொடாமல் முதலில் தலைப்பு. கொட்டை எழுத்தை அவர் படித்தால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். அதற்குக் கீழே இரண்டு பத்தி படிப்பார். அதற்கும் கீழே, "தொடர்ச்சி ஏழாம் பக்கம்" என்று இருக்கும். பன்னிரண்டு பக்கப் பேப்பர் அது, ஏழாம் பக்கம் உள்தாளில் இருந்தது. உள்தாள் சலூனில், யாரோ ஒருத்தருடைய சோப்பு நுரை பூசிய முகத்துக்கு முன்னால் இருந்தது. அது டீக்கடைக்கு வருகிற நேரத்தில் நைனா கழனியில் இருப்பார்.

ஆகவே என் நைனாவுக்கு எந்தச் செய்தியின் தலையும் தெரியும். வால் தெரியாது. ஊருக்கும் அப்படியே.

வால் எங்களுக்கு வேறு வழியில் வந்து சேரும். பழைய பேப்பரை டீக்கடைக்காரர் எடை போட்டு மளிகைக்கடைக்குக் கொடுத்துவிடுவார். அது புளிக்கும் பருப்புக்கும் பொட்டலமாகி எங்கள் அடுப்படிக்கு வரும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் பாதி, பொட்டலத்தில் பாதி. சணலைப் பிரித்து உருண்டையில் சுற்றிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த தாளை நீவி அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தலைப்புக்கு எந்த வால் என்று சேர்க்கத் தெரியும்.

ஒரு தடவை "வெட்டுக்கிளிப் படையெடுப்பு" என்று நைனா படித்தார். வயலெல்லாம் ஒரே நாளில் மொட்டையாகும் என்று இரண்டாவது பத்தியில் இருந்தது. அவ்வளவுதான். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடம் விட்டதும் கழனி வரப்பில் நின்றோம். கையில் தட்டு, டின், கரண்டி. எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம் என்னிடம். கிளி வந்தால் அடித்து விரட்ட வேண்டும். ஒன்றும் வரவில்லை. வராத கிளியை விரட்டுவதில் உள்ள சுகம் வந்த கிளியை விரட்டுவதில் கிடையாது. அடித்த அடியில் தாம்பாளத்தின் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. பிறகு கடலைப்பருப்புப் பொட்டலத்தில் வால் வந்தது: படையெடுப்பு ராஜஸ்தானில்.

"ராஜஸ்தான் எங்க கீது?" என்று அம்மா கேட்டாள்.

"ரொம்ப தூரம்."

"அது பறந்து வர்றதுக்குள்ள நம்ம தாம்பாளம் பூட்ச்சி," என்று சொல்லி, அம்மா அதைத் திருப்பிப் போட்டு உலக்கையால் தட்டிப் பார்த்தாள். நேராகவில்லை.

இதற்கெல்லாம் சிரித்தோம். சிரிக்க முடியாத தலைப்பு ஒன்றும் இருந்தது.

அத்தை நைனாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். வேலை செய்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே வேலை செய்வாள், இரண்டில் எது முதலில் முடியும் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் திருப்புலிவனத்துப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, நிச்சயமாகி, கார்த்திகையில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் நைனா டீக்கடையில் படித்தார்: "வங்கக் கடலில் புயல் சின்னம்." படித்தவர் வீட்டுக்கு வந்து யோசித்தார். செய்யாறு புரண்டால் ஜனம் எப்படி வரும், பந்தல் நிற்குமா, சமையலுக்கு விறகு ஈரமாகாதா. அவரே போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி, கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு வந்தார். அவர்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

குறித்த நாளில் வெயில் அடித்தது. துணி துவைத்துப் போட்டால் காயும் வெயில்.

மார்கழியில் அந்த மாப்பிள்ளையின் அப்பா போய்விட்டார். நன்றாக இருந்த மனிதர், காலையில் பல் தேய்க்கும்போது உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருஷம் திரும்பும் வரை அந்த வீட்டில் சுபகாரியம் கூடாது. வருஷம் திரும்பியதும் அவர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். நிச்சயம் பண்ணியதும் வீட்டில் சாவு விழுந்ததால், பெண் ராசி சரியில்லை என்று பேச்சு. அந்தப் பேச்சு மட்டும் பஸ் இல்லாமலே எல்லா ஊருக்கும் போனது. அதற்கப்புறம் அத்தையைப் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சிலர் காபியும் குடிக்கவில்லை.

புளி சுற்றி வந்த ஏழாம் பக்கத்தில் புயலின் வால் இருந்தது. "கடலிலேயே வலுவிழக்கும் எனத் தெரிகிறது." நான் அதைப் படித்தபோது அத்தை அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தள்ளி வெச்ச கல்யாணம் தண்ணியில வெச்ச உப்பு," என்று மட்டும் சொன்னாள். மிளகாய் காரம் என்று கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நானும் காரம் என்றே நினைத்தேன். பத்து, பதினோரு வயதில் வேறென்ன தெரியும்.

இப்படி வருஷங்கள் போய், அத்தைக்கு முப்பதை நெருங்கும்போது மாகறலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரைஸ்மில்லில் வேலை பார்ப்பவர். அவருக்கும் வயது தள்ளியிருந்தது. தலையில் எப்போதும் தவிட்டுத் தூசி, பேச்சு குறைவு. ராசிப் பேச்சு அவர்கள் காதுக்கும் போயிருந்தது. "என் ராசி மட்டும் ரொம்ப யோக்கியமா," என்று அவர் சொன்னதாகத் தரகர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அம்மா அவருக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தாள். நசுங்கின தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நாள். அதை விட்டால் ஆடி, ஆடியில் யாரும் கல்யாணம் பண்ணுவதில்லை.

அந்த ஆனியில்தான் ஸ்கைலாப் எங்கள் டீக்கடைக்கு வந்தது.

"எங்கே விழும்? விஞ்ஞானிகள் திணறல்." நைனா அன்றைக்குப் படித்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. அது வீடு அளவு பெரியது என்றார் ஒருத்தர். வீடா, நம்ம ஏரி அளவு என்றார் இன்னொருத்தர். சலூன்காரரிடம் ஏழாம் பக்கம் இருந்ததே, அவர் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். அவரிடம் வால் இருந்தது, தலை இல்லை. "இந்தியாவும் அதன் பாதையில்" என்று ஒரு வரி அந்த வாலில் இருந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு கத்தியைத் தீட்டினார். அவர் பங்குக்கு அவர்.

முதலில் போனவை கோழிகள். எப்படியும் சாகப்போகிறோம், கோழியை யாருக்கு விட்டுவைப்பது என்று யாரோ ஒரு வீட்டில் ஆரம்பித்தார்கள். மறுநாள் தெரு முழுக்க மிளகு வறுக்கிற வாசனை. சம்பந்தி விருந்துக்கு என்று அம்மா வளர்த்துவந்த சேவல்களையும் நைனா விடவில்லை. "வுழுந்துட்டா சேவலும் வேஸ்ட்டு," என்றார். இரண்டு நாள் காலை நாஷ்டாவுக்கே கறிக்குழம்பு. சொன்னால் நம்பமாட்டீர்கள், கோழிக்கறி தின்று அலுத்துப்போன ஒரே காலம் எனக்கு அதுதான். விடிந்தால் கூவுகிற சத்தம் ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முதல் தடவை எல்லாரும் லேட்.

நைனா எங்களை மாட்டு வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார். வெளியே போனால் தலைமேல் ஏதாவது இருக்க வேண்டும் என்றார். நான் சோறு வடிக்கும் அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கையில் மழை இல்லாத நாளில் குடை இருந்தது.

கழனியில் களை எடுக்க வருகிற ஓர் அம்மாள் இருந்தாள். நைனா வரப்பில் நின்று அவளுக்கும் தலைப்பைச் சொன்னார். ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். அந்த அம்மாள் குனிந்த இடுப்பை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"எங்க தலையில எத்தினியோ வுழுந்துகீது நைனா. இரும்பு ஒண்ணுதான் பாக்கி. வுழட்டும். வுழுந்தா அன்னிக்கிக் கூலி உண்டா, அத்தச் சொல்லு."

அதற்குப் பதில் எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

நைனா எல்லாம் தெரிந்தவர் என்று அப்போது நினைத்தேன். அவர் பயந்த மனிதர் என்பது இப்போதுதான் தெரிகிறது. எதுவும் சொல்லாமல் வந்து தாக்கிவிடக் கூடாது, முன்னாலேயே தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. உரக்கப் படித்தது பெருமைக்கு இல்லை. தனியாகப் பயப்பட முடியாமல்தான். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, நான்தான் பேப்பர் படித்துக் காட்டினேன். தலைப்பைப் படித்ததும் கையைத் தூக்கி நிறுத்துவார். "அத்த வுடு. ஏளாம் பக்கம் எடு," என்பார்.

கதையை எங்கேயோ விட்டுவிட்டேன். ஸ்கைலாப் எங்கே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கோ கடலிலும் ஆஸ்திரேலியாவிலும். அந்தத் தலைப்பை நைனா மிகச் சின்னக் குரலில் படித்தாராம், டீ ஆறிப் போயிருந்ததாம். அப்போது எங்கள் வீட்டில் கல்யாணச் சமையல் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஆமாம், கல்யாணம் நடந்தது, குறித்த அதே நாளில். நடந்தது மட்டும் இல்லை, மறுநாள் மாப்பிள்ளைக்குக் கறி விருந்து வைக்க ஊரில் ஒரு கோழி கிடையாது. கருவாட்டுக் குழம்பு வைத்தோம். அந்த மாப்பிள்ளை மாமா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க ஊரு கோளிய எல்லாம் ஸ்கைலாப் தின்னுடுச்சி." அதிகம் பேசாத மனிதர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே நகைச்சுவை அது. ஒவ்வொரு தடவையும் அத்தை முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பாள்.

ஆனால் சம்பந்தி வீட்டார் நாள் மாற்ற வந்த அந்தச் சாயங்காலம் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பந்தக்கால் நடுவதாக இருந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பேரப்பிள்ளைகள் படித்தால் தெரியட்டும். பந்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணத்தை நிறுத்தக் கூடாது, நாள் மாற்றக் கூடாது. நட்ட பிறகு சாவே விழுந்தாலும் தாலி கட்டிவிட்டுத்தான் அழுவார்கள். நடுவதற்குப் பங்காளிகள் வருவார்கள், சுமங்கலிகள் மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுவார்கள். கல்யாணப் பெண் அந்தப் பக்கமே வரமாட்டாள். கழியை அன்று மத்தியானமே வெட்டிவந்து, நுனியில் மாவிலை கட்டி, சுவரோரம் சாய்த்திருந்தோம். பச்சை வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றுதான் அவர்கள் அவசரமாக வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், மாப்பிள்ளையின் அம்மா, சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளை. அத்தை உள்ளே கதவோரம் நின்றாள். நான் அவள் பக்கத்தில்.

தாய்மாமன் உட்காரவே இல்லை. "வேணான்னு சொல்ல வர்ல மச்சான். ஆவணில வச்சிக்கலாம்னுதான். கூட்டமா ஜனம் கீற எடத்துல வந்து வுழுந்தா யாரு பதில் சொல்றது? எங்க ஊர்ல எல்லாரும் பேஜாரா கீறாங்க."

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கற. மச்சானே டீக்கடைல படிச்சாராமே. இங்க டீ குடிச்சவன் அங்க வந்து சொன்னான். மச்சான் படிச்சா தப்பா இருக்குமா?"

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் தோளில் துண்டு இருந்தது, கண்ணாடி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு என்று சொன்னால் இத்தனை வருஷம் படித்தது என்ன ஆவது? சரி என்று சொன்னால் தங்கை என்ன ஆவாள்? அவர் முகம் வேர்த்ததை நான் பார்த்தேன்.

"அதுவும் சரிதான்," என்றார் நைனா. "உயிர் மொதல்ல."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கேக்கறவன் கேணையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். தாய்மாமன் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார். அதை வாங்கிக்கொண்டால் நாள் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நைனாவின் கை தானாக நீண்டது. மாப்பிள்ளை சைக்கிள் மணியை விரலால் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அத்தை கதவைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். நிச்சயமான பெண் சம்பந்திக்கு முன்னால் அப்படி வந்து நிற்பதை எங்கள் தெரு அதற்கு முன்னால் பார்த்தது கிடையாது.

"ண்ணா, கைய மடக்கு," என்றாள் முதலில். பிறகு தாய்மாமனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் பேசினாள். "போன தபா பொயல் வருதுன்னு தள்ளி வச்சாங்க. பொயல் வர்ல, சாவு வந்துச்சி. இப்போ ஆகாசம் வுழுதுன்றீங்க. வுழற நாளும் தெரியாது, வுழற எடமும் தெரியாது. அதும் பேரச் சொல்லி எனக்குக் குறிச்ச நாள மாத்த வந்துட்டீங்க. நல்லா கீது ஞாயம்."

வெற்றிலை தாய்மாமன் கையிலேயே இருந்தது.

அத்தை மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கடப்பாரையோடு திரும்பி வந்தாள். வாசலின் ஈசானி மூலையில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குத்தினாள். ஆனி மாத மண், கல் மாதிரி இருந்தது. மூச்சு வாங்க மறுபடி குத்தினாள். குழி முழங்கை ஆழம் வந்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு, சுவரோரம் இருந்த கழியை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்து, மாவிலை அசைய அசையக் குழியில் நிறுத்தினாள். பிறகு இடது கையால் அதை நேராகப் பிடித்துக்கொண்டு, வலது காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மிதித்தாள்.